ஈரமான மேகத்தில் மின்னூட்டம் எப்படித் தங்குகிறது?

நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மேகங்கள் ஒன்றோடொன்று உரசுவதால்தான் மின்னல் வருகிறதா, அது ஏன் நேராக இறங்காமல் வளைந்து நெளிந்து வருகிறது, அதைப் பிடித்துச் சேமிக்க முடியுமா என்பவை அவை. ஆனால் முதல் கேள்விக்குக் கீழே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “உலர்ந்த முடியை வாரிய சீப்பில் காகிதத் துண்டு ஒட்டுகிறது, ஈர முடியை வாரினால் ஒட்டுவதில்லை. மேகம் முழுக்க ஈரம்தானே?” உங்கள் உண்மையான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். ஈரம் மின்னூட்டத்தைத் தங்கவிடாது என்றால், நீரால் ஆன மேகம் மட்டும் கோடிக்கணக்கான வோல்ட்டைத் தேக்கிவைப்பது எப்படி? மிக நல்ல கேள்வி. இதற்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்துவிடும்.

நான் முப்பது ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன். அதில் ஆறு ஆண்டுகள், கட்டடத்தின் மொட்டைமாடியில் மின்புலத்தை அளக்கும் கருவி ஒன்றை நிறுத்தி, இடிமேகங்கள் தலைக்கு மேல் கடந்துபோவதைப் பதிவுசெய்திருக்கிறேன். அந்தக் கருவி தரையில் நின்றபடி அளப்பது. மேகத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அது நேரடியாகச் சொல்லாது. அந்த இடத்தில் பலூனும் விமானமும் ரேடார்களும் கொண்டு ஆய்ந்த பிறரின் வேலையைத்தான் நான் நம்பியிருக்கிறேன்.

முதலில், இரண்டு மேகங்கள் மோதுவதால் மின்னல் வருவதில்லை. இது உறுதி. ஒரே ஒரு மேகம், பக்கத்தில் துணைக்கு யாரும் இல்லாமல், தனியாக நின்று மின்னும். உரசல் நடப்பது உண்மைதான். ஆனால் அது மேகத்துக்கும் மேகத்துக்கும் இடையே நடப்பதன்று. ஒரே மேகத்தின் வயிற்றுக்குள், கண்ணுக்குத் தெரியாத துகள்களுக்கு இடையே நடக்கிறது.

இப்போது ஈரத்துக்கு வருவோம். ஈர முடியில் மின்னூட்டம் தங்காததற்குக் காரணம், முடியின் மேல் படர்ந்திருக்கும் நீர்ப்படலம் அறுபடாமல் தொடர்ந்து ஓடுவதுதான். சேரும் மின்னூட்டம் அந்தப் படலத்தின் வழியே கசிந்துவிடுகிறது. மேகத்தில் அப்படி ஒரு தொடர்ச்சி இல்லை. ஒரு கன மீட்டர் மேகத்தில் இருக்கும் நீர் ஏறத்தாழ ஒரு கிராம்தான். அந்த ஒரு கிராம், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ குறுக்களவுள்ள கோடிக்கணக்கான துளிகளாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரு துளிக்கும் அடுத்த துளிக்கும் உள்ள தூரம் துளியின் அளவைப் போல நூறு மடங்கு. இடையில் இருப்பது காற்று, நல்ல மின்காப்பு. ஆக மேகம் ஈரமானதாக இருந்தாலும் ஈரத் துணியைப் போன்றதன்று. இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. தெளிந்த காற்றைவிட மேகத்துக்குள் இருக்கும் காற்று மின்சாரத்தை மோசமாகக் கடத்துகிறது. காற்றில் எப்போதும் கொஞ்சம் அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற நுண்துகள்கள், மிதக்கும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் மண்ணிலிருந்து வரும் கதிரியக்கமும் அவற்றை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. மேகத்தில் உள்ள துளிகள் அந்த அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஓடித் திரிய வேண்டியவை ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால் மின்னோட்டம் குறையும் அல்லவா? நீங்கள் எதிரி என்று நினைத்த ஈரம் இங்கே மின்னூட்டத்துக்குக் காவலாக நிற்கிறது.

தங்குவதற்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் மின்னூட்டம் பிறப்பது எங்கே? பனியில். மின்னல் என்றதும் நெருப்பை நினைக்கிறோம், மழையை நினைக்கிறோம், பனிக்கட்டியை யாரும் நினைப்பதில்லை. தரையில் வெயில் கொளுத்தினாலும் ஏழெட்டு கிலோமீட்டர் உயரத்தில் இடிமேகத்தின் நடுப்பகுதி பூஜ்யத்துக்குப் பத்து, இருபது டிகிரி கீழே இருக்கும். கீழிருந்து வினாடிக்குப் பத்து முதல் முப்பது மீட்டர் வேகத்தில் மேலெழும் காற்று, நீர்த்துளிகளை அங்கே தூக்கிச் செல்கிறது. அவை உடனே உறைவதில்லை. தூசு போன்ற ஒரு பிடிமானம் கிடைக்காவிட்டால், நுண்துளிகள் பூஜ்யத்துக்குக் கீழே முப்பதுக்கும் மேற்பட்ட டிகிரி வரை திரவமாகவே இருக்கும். அப்படிக் குளிர்ந்தும் உறையாத துளிகள் ஒரு பனித்துகளைத் தொட்டவுடன் அதன்மேல் உறைந்து ஒட்டிக்கொள்கின்றன. துகள் தடித்துப் பொரிபொரியான உருண்டையாகிறது. இதைப் பனிக்குருணை என்று சொல்கிறேன். ஆலங்கட்டியின் குழந்தைப் பருவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குருணை கனமானது, கீழே சரிகிறது. அதே இடத்தில் மெல்லிய பனிப்படிகங்களும் இருக்கின்றன. அவை இலேசானவை, காற்றோடு மேலே போகின்றன. மேலே போவதும் கீழே வருவதும் வழியில் முட்டிக்கொண்டு தெறித்துப் பிரியும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொஞ்சம் மின்னூட்டம் கைமாறுகிறது. குளிர்ந்த மட்டங்களில் குருணை எதிர்மின்னூட்டத்தோடு இறங்குகிறது, படிகம் நேர்மின்னூட்டத்தோடு ஏறுகிறது.

ஒரு மோதலில் மாறுவது மிகச் சிறிய அளவு. ஏதோ சில பத்தாயிரம் எலெக்ட்ரான்கள் என்று சொல்லலாம். ஒரு மின்னலில் இறங்கும் மின்னூட்டமோ இருபது கூலும் (மின்னூட்டத்தை அளக்கும் அலகு) அளவில் இருக்கும். அதைச் சேர்க்க ஏறத்தாழ இருபது கோடி கோடி மோதல்கள் வேண்டும். எண்ணிப் பார்க்கவே மலைப்பாக இருந்தாலும், பல கன கிலோமீட்டர் விரிந்த மேகத்துக்கு அது இருபது முப்பது வினாடி வேலை. என் மொட்டைமாடிக் கருவியில் நான் மீண்டும் மீண்டும் பார்த்தது இதைத்தான். தெளிந்த வானத்தின் கீழ் மின்புலம் மீட்டருக்கு நூறு வோல்ட் அளவில் அமைதியாக நிற்கும். மேகம் நெருங்கும்போது கோடு சரிந்து பூஜ்யத்தைத் தாண்டி மறுபக்கம் இறங்கும், சில ஆயிரம் வோல்ட் வரை போகும். ஒரு மின்னல் வெட்டியவுடன் சட்டென்று துள்ளி மேலே வரும். பிறகு உடனே மறுபடி சரியத் தொடங்கும். இருபது முப்பது வினாடிகளில் பழைய இடத்துக்கு வந்துவிடும், அடுத்த மின்னல். தாளில் அது ரம்பப் பல் வரிசைபோல விழும். இழந்த இருபது கூலும்பை இருபது வினாடியில் ஈடுசெய்கிறது என்றால், மேகம் சராசரியாக ஓர் ஆம்பியர் மின்னோட்டத்தைத் தரும் மின்னாக்கியாக வேலை செய்கிறது என்று பொருள். இந்தத் துள்ளலையும் மீட்சியையும் வைத்து இதே கணக்கை 1920-களில் போட்டவர் சி.டி.ஆர். வில்சன், அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் முகிற்கூடத்தைக் கண்டுபிடித்ததற்காக 1927-இல் நோபல் பரிசு பெற்றவர்.

வில்சனுக்கும் ஜார்ஜ் சிம்சனுக்கும் இடையே இதைப் பற்றி நீண்ட வழக்கு ஒன்று நடந்தது. சிம்சன், சிம்லாவில் மழைத்துளிகளின் மின்னூட்டத்தை அளந்து பார்த்தவர். மேகத்தின் அடிப்பகுதியில் நேர்மின்னூட்டம் இருக்கிறது என்றார். வில்சன், மேலேதான் நேர்மின்னூட்டம், கீழே எதிர்மின்னூட்டம் என்றார். 1937-இல் சிம்சனும் அவருடைய துணையாளர் ஸ்கிரேஸும் பலூன்களில் கருவியைக் கட்டி மேகத்துக்குள்ளேயே அனுப்பினார்கள். உச்சியில் நேர், நடுவில் பெரிய எதிர், அடியில் சிறியதாக ஒரு நேர் என்று மூன்று அடுக்குகள் தெரிந்தன. தன் எதிராளி பெரும்பகுதி சரி என்று காட்டும் அளவீட்டைத் தானே எடுத்துத் தானே வெளியிட்டார் சிம்சன். அறிவியல் வரலாற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமான நிகழ்ச்சிகளில் இது ஒன்று.

பனிதான் காரணம் என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்? மூன்று சான்றுகள். ஜப்பானிய ஆய்வாளர் தகாஹாஷி 1978-இல் வெளியிட்ட ஆய்வகச் சோதனைகளில், குருணையும் படிகமும் மோதும்போது மின்னூட்டம் பிரிவது நேராக அளக்கப்பட்டது. ஏறத்தாழ பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழே வரும்போது குறி மாறுவதும் தெரிந்தது. அதைவிட வெப்பமான மட்டத்தில் குருணை நேர்மின்னூட்டம் பெறுகிறது. பலூன் கண்ட அந்த அடிப்பகுதிச் சிறு நேர் அடுக்குக்கு இது பொருந்திவருகிறது. இரண்டாவது, மேகத்தின் உச்சி, நீர் உறையும் குளிர் உள்ள உயரத்தை எட்டாமலே நின்றுவிட்டால், எவ்வளவு கனத்த மழை பெய்தாலும் மின்னல் மிக அரிது. மூன்றாவதுதான் என்னை முழுமையாகச் சம்மதிக்க வைத்தது. கோடைகால மேகத்தில் எதிர் அடுக்கு ஏழு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜப்பானின் குளிர்கால மேகங்களில் அதே அடுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டரிலேயே இருக்கிறது. உயரம் மாறுகிறது, ஆனால் அந்த அடுக்கின் வெப்பநிலை மாறுவதில்லை. வெப்பநிலையைப் பார்த்து நடக்கும் வேலை என்றால் அதில் பனிக்குப் பங்கு இருந்தே தீர வேண்டும். எரிமலைப் புகையிலும் மின்னல் வரும், அங்கே சாம்பல் துகள்களும் உரசுகின்றன. அது வேறு கதை.

இதுவரை சொன்னது உறுதியான தரை. இனி நிலம் மெல்ல இளகுகிறது. மோதும் இரண்டு பனித்துகள்களில் மின்னூட்டம் ஏன் இந்தத் திசையில் மாறுகிறது? நீராவியைப் படியவைத்து வேகமாக வளரும் பரப்பு நேர்மின்னூட்டம் பெறும் என்ற விதி பல சோதனைகளோடு ஒத்துப்போகிறது. எல்லாவற்றோடும் அன்று. பனியின் மேற்பரப்பில், உறைநிலைக்குக் கீழும், நீர் போன்ற ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. மோதும்போது அந்த அடுக்கோடு அயனிகளும் இடம் மாறுகின்றன என்பது ஒரு விளக்கம். பனிக்கட்டியை வளைத்தாலே மின்முனைவு, அதாவது ஒரு பக்கம் நேரும் மறுபக்கம் எதிருமாக மின்னூட்டம் விலகுவது, தோன்றுகிறது என்று 2025-இல் ஒரு குழு அளந்து காட்டியது. முட்டும் குருணை நொடிப்பொழுது வளையத்தான் செய்யும். ஆகவே அதுவும் வழக்கில் சேர்ந்திருக்கிறது. மூலக்கூறு அளவில் தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை. சீப்பும் முடியும் உரசும்போது நடப்பதற்கும் இதே நிலைதான் என்பதை அறிந்தால் நீங்கள் வியப்பீர்கள். பண்டைக் கிரேக்க அறிஞர் தேலீஸ் காலத்திலிருந்து தெரிந்த அந்த உரசல் மின்சாரத்துக்கும் எல்லாப் பொருள்களுக்கும் பொருந்தும் ஒரே விளக்கம் இன்று வரை இல்லை.

மேகத்தின் இரு பகுதிகளுக்கு இடையே சேரும் மின்னழுத்தம் எவ்வளவு? பலூன்கள் அளந்தவற்றில் உச்சம் பதின்மூன்று கோடி வோல்ட் அளவில் இருந்தது. உதகமண்டலத்தில் உள்ள கிரேப்ஸ்-3 என்ற மியூவான் தொலைநோக்கி, 2014 டிசம்பர் 1 அன்று கடந்துபோன ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் இருந்ததாகக் கணித்தது. 2019-இல் அந்த முடிவு வெளியானது. மேகத்தைத் தொடாமலே அளந்தார்கள். காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி உண்டாக்கும் நுண்துகள்களே மியூவான்கள். வானிலிருந்து விழும் அவற்றின் எண்ணிக்கை மேகத்தின் மின்புலத்தால் எவ்வளவு மாறியது என்று பார்த்து, மின்னழுத்தத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். பலூன் மேகத்துக்குள் ஒரே ஒரு பாதையைத்தான் அறுத்துச் செல்லும், மியூவான்களோ மேகம் முழுவதையும் ஊடுருவி வருகின்றன. வில்சன் நூறு கோடி அளவை முன்பே ஊகித்திருந்தார் என்பதால் இந்த எண்ணுக்குத் தனி மதிப்பு உண்டு.

இவ்வளவு அழுத்தம் இருந்தும், மின்னல் எப்படித் தொடங்குகிறது என்பதுதான் இந்தத் துறையின் பெரும் புதிர். தரைமட்டத்தில் உலர்ந்த காற்றை உடைக்க மீட்டருக்கு முப்பது லட்சம் வோல்ட் வேண்டும். ஆறு கிலோமீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அதில் பாதி போதும். ஆனால் பலூன்கள் மேகத்துக்குள் பார்த்தது பெரும்பாலும் ஒன்று இரண்டு லட்சம், அரிதாக நான்கு லட்சம். ஒரு பூட்டைத் திறக்க வேண்டிய விசையில் பத்தில் ஒரு பங்குதான் கையில் இருக்கிறது, ஆனாலும் பூட்டு திறக்கிறது. இதற்கு இரண்டு விளக்கங்கள் உள்ளன. ஒன்று, நீண்ட பனித்துகள்களின் கூர்முனையில் மின்புலம் பல மடங்கு குவிகிறது, பொறி அங்கே கிளம்புகிறது. மற்றொன்று, காஸ்மிக் கதிர் உதைத்துவிடும் அதிவேக எலெக்ட்ரான், காற்றின் தடையை மிஞ்சி ஓடி, வழியில் மேலும் எலெக்ட்ரான்களைத் தட்டியெழுப்பிப் பெருவெள்ளமாக்குகிறது. 1992-இல் குரேவிச்சும் அவர் குழுவினரும் விரித்துரைத்த கருத்து இது. அப்படி ஓடும் எலெக்ட்ரான்கள் இருப்பது உண்மை. இடிமேகங்களிலிருந்து காமா கதிர் வெடிப்புகள் விண்வெளிக்குப் போவதை காம்ப்டன் செயற்கைக்கோள் பதிவுசெய்தது 1994-இல் தெரியவந்தது. ஆனால் அவை இருப்பது வேறு, அவைதான் மின்னலைப் பற்றவைக்கின்றன என்பது வேறு. 2016-இல் நியூ மெக்சிகோ ஆய்வாளர்கள் ரேடியோ அலைகளைக் கொண்டு, சில மின்னல்கள் வேகமாகப் பாயும் நேர்மின் பொறிக்கற்றையோடு தொடங்குவதைக் காட்டினார்கள். கூர்முனையில் கிளம்பும் பொறியோடு இது ஒத்துப்போவதால் நான் முதல் விளக்கத்தின் பக்கம் சாய்கிறேன். இது என் சாய்வு மட்டுமே, இதைப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தொடங்கிய பிறகு நடப்பதில் ஐயம் குறைவு, உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதிலும் அங்கேதான் இருக்கிறது. மேகத்திலிருந்து இறங்கும் முன்னோடிக் கீற்று ஒரே பாய்ச்சலில் வருவதில்லை. ஐம்பது மீட்டர் அளவில் ஓர் எட்டு வைக்கும், ஒரு வினாடியில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு நேரம் நிற்கும், மறுபடி ஓர் எட்டு. நிற்கும்போது அதன் முனையில் பல திசைகளில் நுண்பொறிகள் துழாவுகின்றன. எந்தத் திசையில் காற்று முதலில் இளகுகிறதோ அங்கே அடுத்த எட்டு. மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தரை எங்கே என்று அந்த முனைக்குத் தெரியாது, தனக்கு முன்னால் உள்ள சில பத்து மீட்டர்தான் அதற்கு உலகம். அதனால்தான் பாதை கோணல்மாணலாக இருக்கிறது, கிளைவிட்டுக் கொடிபோலப் படர்கிறது. தரைக்கு நூறு மீட்டருக்குள் வந்ததும் மரம், கோபுரம், கம்பி ஆகியவற்றின் உச்சியிலிருந்து எதிர்கொள்ளும் கீற்றுகள் மேலெழும்புகின்றன. இரண்டும் கைகோத்த கணத்தில் சுற்று மூடுகிறது. நாம் பார்க்கும் பேரொளி அதற்குப் பிறகு, ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தோடு, தரையிலிருந்து மேல்நோக்கி ஓடுகிறது. அந்த நேரம் முப்பதாயிரம் ஆம்பியர் பாய்வது சாதாரணம். அதே தடத்தில் மூன்று நான்கு முறை மின்னோட்டம் திரும்பத் திரும்பப் பாய்வதால்தான் மின்னல் துடிப்பதுபோலக் கண்ணுக்குத் தெரிகிறது. தென்னாப்பிரிக்காவில் ஷான்லண்ட் குழுவினர் 1930-களில், வில்லை நகரும் தனி வகைக் கேமராவால் இந்த எட்டுகளைப் படம்பிடித்துவிட்டார்கள்.

இடியைப் பற்றிச் சுருக்கமாக. தடத்தில் உள்ள காற்று ஏறத்தாழ முப்பதாயிரம் டிகிரிக்குச் சூடாகி வெடித்து விரிகிறது, அந்த அதிர்வே இடி. நாம் ‘இடி விழுந்தது’ என்கிறோம், விழுவது மின்னல்தான். தடம் பல கிலோமீட்டர் நீளம் என்பதால் அதன் அருகு முனையின் ஒலி முதலிலும் தொலைமுனையின் ஒலி பல வினாடி கழித்தும் வந்துசேர்கின்றன. ஒரே வெடிப்பு நீண்ட உருமலாகக் கேட்பது இதனால். மூன்று வினாடி இடைவெளிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம் என்று கணக்கிடலாம்.

மூன்றாவது கேள்வி, சேமிப்பது. ஒரு மின்னலின் ஆற்றல் ஏறத்தாழ நூறு கோடி ஜூல், அதாவது 280 யூனிட் மின்சாரம். அதிலும் பெரும்பங்கு காற்றைச் சூடாக்குவதிலும் ஒளியிலும் ஒலியிலும் வழியிலேயே செலவாகிவிடுகிறது. தரைக்கு வந்துசேரும் மிச்சம், எங்கே எப்போது விழும் என்று தெரியாமல், ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் வருகிறது. அதைத் தாங்கும் கருவியைக் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைவிட, அதே இடத்தில் வெயிலைப் பிடிப்பது மேல்.

இடிதாங்கியும் மின்னலைச் சேமிப்பதில்லை, மேகத்தைக் காலி செய்வதுமில்லை. கூர்முனை மேகத்தின் மின்னூட்டத்தை ஓசையின்றி உறிஞ்சிவிடும் என்றுதான் பெஞ்சமின் பிராங்க்ளின் முதலில் எதிர்பார்த்தார். ஓர் ஆம்பியர் மின்னோட்டத்தைத் தொடர்ந்து உற்பத்தி செய்யும் ஒன்றை ஒரு கம்பி உறிஞ்சி முடிக்க இயலாது. விழப்போகும் மின்னலைத் தன்மேல் வாங்கி, கனத்த கம்பி வழியே மண்ணுக்குள் இறக்கிவிடுவதுதான் அதன் வேலை. பிராங்க்ளினின் சோதனையைப் பின்பற்றி 1753-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தன் கம்பியை மண்ணோடு இணைக்காமல் அளவெடுக்க முயன்ற கியோர்க் ரிச்மன் மின்னல் தாக்கி அங்கேயே உயிரிழந்தார். உங்களுக்கு மின்புலத்தை அளந்து பார்க்கும் ஆசை இருப்பது கேள்வியிலேயே தெரிகிறது. தயவுசெய்து உயரமான கம்பி எதையும் நட்டு வீட்டுக்குள் இணைப்புக் கொடுக்க வேண்டாம். ஒரு பழைய ஏஎம் வானொலியைப் பாட்டரியில் இயக்கி, நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே கேளுங்கள். தொலைவில் ஒவ்வொரு மின்னல் வெட்டும்போதும் சடசடவென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒரு துடிப்புக்கு எத்தனை சடசடப்பு கேட்கிறது என்று குறித்துவாருங்கள். உங்கள் மேகம் ஒரே தடத்தை எத்தனை முறை பயன்படுத்துகிறது என்பதை அதிலிருந்து ஓரளவு நீங்களே ஊகித்துவிடலாம்.